ஸ்டாண்ட் அப் காமெடி டிவியில் எடுபடுமா?

சோடாபுட்டி:

நேரில் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த ஒருவர் டிவியில் வந்தால் ஏன் சப்பென்று இருக்கிறார்? அதே ஆள், அதே ஜோக், சில சமயம் அதே சட்டை. அரங்கத்தில் பக்கத்து சீட்டுக்காரர் மேல் சாய்ந்து சிரித்தவன், வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்க்கும்போது உதட்டைக்கூட அசைப்பதில்லை.

விஜய் டிவியில் 'கலக்கப் போவது யாரு' 2005-ல் தொடங்கியதிலிருந்து பார்க்கிறேன். பிறகு சன் டிவியில் 'அசத்தப் போவது யாரு'. சேனலுக்கு லாபம், சினிமாவுக்கும் லாபம். சிவகார்த்திகேயன் மூன்றாவது சீசனில் ஜெயித்து வந்தவர், ரோபோ சங்கர் அங்கிருந்து போனவர். ஆனால் ஒருவர் மைக்கைப் பிடித்துத் தனியாக நின்று, தான் பார்த்ததையும் பட்டதையும் பேசியே சிரிக்க வைப்பது என்று ஒன்று இருக்கிறதே, அது அங்கே எத்தனை நாள் தாக்குப்பிடித்தது? ஆரம்பத்தில் தனி ஆள் வந்தார், மிமிக்ரி செய்தார், ஜோக் சொன்னார். போகப் போக இரண்டு பேர், மூன்று பேர், விக், சேலை கட்டிய ஆண், பின்னால் ஒரு போலீஸ் ஸ்டேஷன் செட். ஸ்கிட் ஆகிவிட்டது.

என் சந்தேகமெல்லாம் நடுவர் நாற்காலி மேல்தான். ஜோக்கின் கடைசி வார்த்தை காதில் விழும் முன்பே கேமரா அங்கே தாவுகிறது. அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார். சிரிக்கும் வேலையை அவரே முடித்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம்? மறுப்பவர்கள் வரலாம்.

கரிசல் மைனர்:

தல, நடுவர் பாவம், விடுங்கள். சங்கதி அதற்கும் கீழே இருக்கிறது.

இருட்டில் தோளோடு தோள் இடிக்க இருநூறு பேர் உட்கார்ந்திருந்தால் ஒருவன் சிரித்தால் அடுத்தவனுக்கும் வரும். வீட்டில் என்ன நிலைமை? அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார், தம்பி போனில் இருக்கிறான், நடுவில் காலிங் பெல். இதில் யாருக்குச் சிரிப்பு தொற்றும்?

டைமிங்கையும் பாருங்கள். மேடையில் நிற்பவர் கூட்டம் சிரித்து ஓயும் வரை காத்திருப்பார். அந்த மூன்று நான்கு நொடி அரங்கத்தில் இருப்பவனுக்குச் சிரிக்கிற நேரம். வீட்டில் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பவனுக்கு அது வெறும் காலி நேரம், 'ஏன் இந்த ஆள் சும்மா நிற்கிறார்' என்று தோன்றும். காத்திருக்காமல் பேசிக்கொண்டே போனாலோ, வீட்டில் சிரித்தவனுக்கு அடுத்த வரி கேட்காது. அரங்கத்துக்குச் சரியான டைமிங் வீட்டுக்குத் தப்பு. ஒரே செட்டில், அதாவது மேடையில் ஒருவர் பேசுகிற ஒரே தொகுப்பில், இரண்டு பேரையும் திருப்திப்படுத்த முடியாது. நடுவரைத் தூக்கி வெளியே போட்டாலும் இது மாறாது.

வத்தக்குழம்பு:

முடியாது என்று இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்களே. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் காலையில் சன் டிவியில் என்ன ஓடியது, மறந்துவிட்டதா? சாலமன் பாப்பையா பட்டிமன்றம். எங்கள் வீட்டில் இட்லி ஒரு கையில், சிரிப்பு இன்னொரு பக்கம். மாமனார், நாத்தனார், குழந்தைகள் எல்லாரும் ஒரே இடத்தில் சிரித்தோம்.

அதில் ராஜா எழுந்து பேசுவது என்ன என்று கொஞ்சம் யோசியுங்கள். தலைப்பு ஒரு சாக்கு. தன் வீடு, தன் மனைவி, தான் வேலை பார்த்த வங்கி, கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துகிறவர்கள், இதைத்தான் பேசுவார். ஒரு ஆள், ஒரு மைக், நின்றபடி பேச்சு. கெட்டப் கிடையாது, விக் கிடையாது. பாரதி பாஸ்கர் எழுந்தால் அதே வீட்டை அடுப்படிப் பக்கத்திலிருந்து காட்டுவார். ஓபன் மைக் (யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசிப் பார்க்கும் மேடை), ஸ்டாண்ட் அப் என்ற பெயரெல்லாம் இங்கே வரும் முன்பே தமிழ் டிவி இதைச் செய்துகொண்டிருந்தது. திண்டுக்கல் லியோனி டிவிக்கு முன்பே கேசட்டில் சிரிக்க வைத்தவர். முகமே தெரியாது, குரல் மட்டும்தான். டீக்கடையில் கூட்டம் நிற்கும். கீரை ஆய்ந்தால் சிரிப்பு வராது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் தம்பி. நான் ஆய்ந்துகொண்டே சிரித்திருக்கிறேன்.

சோடாபுட்டி:

அக்கா, பட்டிமன்றத்தை மறந்தேவிட்டேன். ஆனால் அது என் கட்சிக்குத்தான் பலம். அங்கேயும் நடுவர் உண்டு, கேமராவும் அவர் பக்கம் போகும். ஆனால் பாப்பையா சும்மா சிரிக்க உட்கார்ந்தவர் இல்லை. பேசுகிறவரை நடுவில் மடக்குவார், ஒரு கவுண்டர் கொடுப்பார், அதற்கு ராஜா பதில் கொடுப்பார். அந்த முகம் நிகழ்ச்சியின் ஒரு பாதி. போட்டி நிகழ்ச்சி நடுவருக்கு அந்த வேலை இல்லை. சிரிக்கக் கூலி.

கரிசல் மைனர்:

அப்படியென்றால் 'அது இது எது' நிகழ்ச்சியின் 'சிரிச்சா போச்சு' சுற்றை எதில் சேர்ப்பீர்கள்? அங்கே கேமரா பாதி நேரம் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில்தான். வடிவேல் பாலாஜி ஏதோ ஒரு கெட்டப்பில் வந்து நிற்பார், எதிரில் இருப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாம் பார்ப்பதே அந்த முகத்தைத்தான்.

சோடாபுட்டி:

அங்கே சிரித்தால் தோல்வி, அதனால் அந்த முகத்தில் ஒரு போராட்டம் இருக்கிறது. அடக்கி அடக்கி உடைகிற சிரிப்பு நிஜமான சிரிப்பு. என் கோபம் சிரிக்கிற முகம் மேல் இல்லை, பொய்யாகச் சிரிக்கிற முகம் மேல்.

எடிட் மேசை:

பொய்ச் சிரிப்பு என்றதும் உள்ளே வராமல் இருக்க முடியவில்லை. காமெடி நிகழ்ச்சிகளை ரொம்ப காலம் வெட்டி ஒட்டியவன் நான். எந்த சேனல் என்று கேட்காதீர்கள்.

ஒரு நாளில் எடுப்பது ஒரு எபிசோடு அல்ல, இரண்டு மூன்று. காலை ஏழு மணிக்கு வேனில் ஆடியன்ஸ் வந்து இறங்கும். ஆள் சேர்த்துக் கொடுப்பதற்கென்றே ஏஜென்ட் உண்டு. தலைக்கு இவ்வளவு, சாப்பாடு தனி. வந்து உட்கார்ந்ததும் முதல் வேலை சிரிப்பு எடுப்பது. மேடையில் ஒருவரும் இருக்க மாட்டார். ஃப்ளோர் மேனேஜர் நடுவில் நின்று, 'லேசாச் சிரிங்க', 'இப்ப பலமா', 'கை தட்டுங்க', 'பக்கத்துல இருக்கிறவங்களப் பார்த்துச் சிரிங்க', 'எழுந்து நின்னு தட்டுங்க' என்று வரிசையாகக் கேட்பார். இரண்டு கேமரா அதைச் சுற்றிச் சுற்றி எடுக்கும். இந்தச் சரக்கு எங்கள் கைக்கு முதலில் வந்துவிடும். யார் எந்த ஜோக்குக்குச் சிரித்தார் என்ற பேச்சே கிடையாது, ஜோக் அப்போது பிறக்கவே இல்லை. மத்தியானத்துக்கு மேல் எடுத்த முகங்களைப் பயன்படுத்தவே முடியாது, பாதிப் பேர் கண் சொருகி இருப்பார்கள். அதனால் சாயங்காலம் பேசியவருக்கும் காலை முகமே சிரிக்கும்.

நடுவருக்கும் இதே கதைதான். ஒருவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, வளையல் முழங்கை வரை சரியச் சிரித்த ஒரே ஒரு ஷாட். அதை ஒரு எபிசோடில் மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது சோடாபுட்டி கேட்டதற்கு வருகிறேன். ஏன் அந்த முகத்தைக் காட்டுகிறோம்? நீங்கள் நினைப்பது போல 'பார், இது காமெடி, சிரி' என்று சொல்வதற்காக அல்ல. அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் முக்கியமானது வேறு. ஒருவர் எட்டு நிமிடம் பேசியிருப்பார். எபிசோடில் அவருக்கு இடம் நான்கு நிமிடம். நடுவில் வெட்டினால் படம் துள்ளும்: இடது கையில் இருந்த மைக் சட்டென்று வலது கைக்குப் போய்விடும். அந்தத் துள்ளலை மறைக்க இரண்டு நொடி வேறு எதையாவது காட்ட வேண்டும். நடுவர் முகம் அதற்குத்தான். புண் மேல் ஒட்டும் பிளாஸ்திரி அது. அடுத்த முறை பார்க்கும்போது எண்ணிப் பாருங்கள், முகம் வருகிற இடத்திலெல்லாம் பாதிக்குப் பாதி ஒரு வெட்டு ஒளிந்திருக்கும்.

வெட்டில் முதலில் போவது எது தெரியுமா? மௌனம். மேலே இருப்பவர்களுக்கு மௌனம் என்றால் பயம், ஆள் சேனல் மாற்றிவிடுவான் என்று. வியாழக்கிழமை டிஆர்பி வரும்போது யார் பதில் சொல்வது?

ஒரு பையன் வந்தான். தூத்துக்குடிப் பக்கம். 'எங்கப்பா வாழ்க்கையில எனக்கு ஒரே ஒரு அட்வைஸ்தான் கொடுத்திருக்காரு' என்று ஆரம்பித்தான். அப்புறம் அப்பாவாக மாறினான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான், வேட்டி நுனியில் துடைப்பது போல் துடைத்தான், மாட்டினான், மகனை ஏற இறங்கப் பார்த்தான், வாயைத் திறந்தான், மூடினான், திரும்பி நடந்து போய்விட்டான். அவ்வளவுதான் ஜோக். ஒரு வார்த்தை கிடையாது. பதினைந்து நொடி இருக்கும். அரங்கத்தில் கூலிக்கு வந்த ஆடியன்ஸ், ஃப்ளோர் மேனேஜர் கையைப் பார்க்காமல் தானாகச் சிரித்தது. எடிட்டில் என் மேலதிகாரி பார்த்தார். 'நடுவுல ஒண்ணுமே இல்லையே, இழுக்குது' என்றார். கண்ணாடி துடைப்பதில் பாதி போயிற்று. பார்வை போயிற்று. அந்த இடத்தில் நடுவர் முகமும் ஒரு 'டொய்ங்'கும் வந்தன. ஒளிபரப்பில் பார்த்தால், ஒரு பையன் ஏதோ சொன்னான், கண்ணாடியைத் தொட்டான், போய்விட்டான். கமெண்டில் 'மொக்கை' என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் பார்த்ததை வைத்து அது சரிதான்.

கரிசல் மைனர்:

அண்ணே, இதைப் படித்ததும் அந்தப் பதினைந்து நொடியை முழுசாகப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. எங்காவது கிடைக்குமா?

எடிட் மேசை:

கிடைக்காது தம்பி. வெட்டிய சரக்கை யாரும் வைத்துக்கொள்வதில்லை. ஹார்ட் டிஸ்க் அடுத்த ஷெட்யூலுக்கு வேண்டும்.

லண்டன் பனி:

நான் இங்கே லண்டனில் இருந்து எழுதுகிறேன், ஊர் யாழ்ப்பாணம். இந்த முகம் காட்டுகிற வியாதி வெள்ளைக்காரனுக்கும் உண்டு. பிபிசியில் 2004-ல் தொடங்கிய 'லைவ் அட் தி அப்பல்லோ' பார்த்தீர்கள் என்றால், ஹாமர்ஸ்மித்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சனம் கொள்ளும் மண்டபம், முன்வரிசையில் டிவியில் தெரிந்த முகங்களை இருத்தி, அவர்கள் சிரிப்பதை அடிக்கடி காட்டுவார்கள். ஆனாலும் அது ஓடுகிறது. ஏனென்றால் ஒரு நிகழ்ச்சியில் இரண்டு மூன்று பேர்தான் வருவார்கள். ஆளுக்கு ஆறுதலாகக் கதைக்க நேரம் இருக்கும். போட்டி இல்லை, மார்க் இல்லை.

வெட்டுகிறதை வைத்தே பிழைத்த நிகழ்ச்சியும் இருந்தது. 1971-ல் கிரனாடா டிவி 'தி கொமீடியன்ஸ்' என்று ஒன்று போட்டது. வடக்கு இங்கிலாந்தில் தொழிலாளர் கிளப்புகளில் பகிடி சொல்லித் திரிந்தவர்களைக் கூட்டி வந்து, ஒவ்வொருவரையும் தனியாகப் பேச விட்டு எடுத்தார்கள். பிறகு மேசையில் வைத்துத் துண்டு துண்டாக வெட்டி, இவருடைய ஒரு பகிடி, உடனே அவருடைய ஒரு பகிடி என்று கலந்து விட்டார்கள். மூச்சு விட நேரம் இல்லை. பெரிய வெற்றி. ஆனால் கிளப்பில் வருசக் கணக்காக ஓடிக்கொண்டிருந்த பகிடிகளை நாடு முழுக்க ஒரே இரவில் கேட்டுவிட்டது. திங்கட்கிழமை கிளப்புக்குப் போனால் சனத்துக்கு முடிவு முன்பே தெரியும்.

என்னைக் கேட்டால் டிவிக்கென்றே பிறந்தவர் டேவ் ஆலன். அயர்லாந்துக்காரர். எழுபதுகளில் பிபிசியில் உயரமான நாற்காலி ஒன்றில் இருந்துகொண்டு, ஒரு கையில் சிகரெட், பக்கத்தில் கிளாஸ். ஒரு விரலில் நுனி இல்லை, அது எப்படிப் போனது என்பதற்கே ஆளுக்கொரு கதை சொல்வார். நின்று கத்தவே மாட்டார். வீட்டுக்கு வந்த மாமா சாப்பாட்டுக்குப் பிறகு இருந்து கதைக்கிற மாதிரி. இடையிடையே குட்டி நாடகங்கள் வரும், அதில் சில இப்போது பார்க்க அலுப்பு. நாற்காலிக் கதை மட்டும் இன்றைக்கும் பழுதாகவில்லை. ஸ்டாண்ட் அப் டிவிக்கு ஒத்துவராது என்று மைனர் சொல்கிறாரே, நிற்கிறதை விட்டால் ஒத்துவரும் போல!

வத்தக்குழம்பு:

லண்டன் தம்பி சொல்வது ரொம்பச் சரி. டிவி அறைக்குள் இருக்கிற பொருள். அதில் மூவாயிரம் பேருக்குக் கேட்கக் கத்தினால் நமக்குக் காது வலிக்கிறது. ராஜாவும் கத்த மாட்டார், கவனித்தீர்களா? பாப்பையாவிடம் முறையிடுவது போலப் பேசுவார். அந்த இரண்டு பேர் பேச்சை நாம் ஒட்டுக் கேட்கிறோம்.

நியூ ஜெர்சி நாகு:

அமெரிக்கக் கதை இல்லாமல் இந்த இழை முடியுமா?

ஜானி கார்சன் 'டுநைட் ஷோ' என்ற இரவு நேர டிவி நிகழ்ச்சியை 1962 முதல் 1992 வரை நடத்தினார். அங்கே ஒரு புது காமெடியனுக்குக் கிடைப்பது ஐந்தாறு நிமிடம். வண்ணத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும், பேச வேண்டும், போக வேண்டும். கேமரா பெரும்பாலும் பேசுகிறவர் மேலேயே இருக்கும். முடிந்ததும் கார்சன் என்ன செய்கிறார் என்பதுதான் எல்லாம். வெறுமனே கை தட்டலாம். பக்கத்து சோபாவுக்கு வரச் சொல்லிக் கையை அசைத்தால் அந்த ஆள் விடிந்ததும் பெரிய ஆள். 1973 டிசம்பரில் ஃப்ரெடி பிரின்ஸுக்கு முதல் முறையிலேயே அந்த அழைப்பு கிடைத்தது. 1986-ல் எல்லன் டிஜெனரஸ், முதல் தடவையே சோபாவுக்குக் கூப்பிடப்பட்ட முதல் பெண் காமெடியன். சோடாபுட்டி, கவனியுங்கள்: இங்கேயும் நடுவர்தான். ஆனால் தீர்ப்பு கடைசியில், ஒரே ஒரு முறை. நடுவில் மூக்கை நுழைக்கவில்லை.

இந்த ஐந்து நிமிடத்துக்காகவே ஒரு தலைமுறை வருடக் கணக்கில் கிளப்புகளில் தேய்ந்தது. கார்சன் 1972-ல் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போனதும் காமெடியன்களும் பெட்டி கட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். டிவிக்காக வீட்டையே மாற்றினார்கள் என்றால் டிவிக்கும் ஸ்டாண்ட் அப்புக்கும் ஆகாது என்று எப்படிச் சொல்வது?

மறுபக்கமும் இருக்கிறது. 1993 அக்டோபர் 1, பில் ஹிக்ஸ் என்ற காமெடியன் டேவிட் லெட்டர்மேனின் இரவு நேர டிவி நிகழ்ச்சியில் பேசினார். கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள், மதம் என்று போனது பேச்சு. கூட்டம் சிரித்தது. ஒளிபரப்பில் அவர் பேசிய மொத்தமும் இல்லை. ஒரு வரி, இரண்டு வரி அல்ல, ஆளையே தூக்கிவிட்டார்கள். ஐந்து மாதம் ஆகும் முன்பே, 1994 பிப்ரவரியில், புற்றுநோயில் இறந்துபோனார். வயது 32. 2009 ஜனவரியில் லெட்டர்மேன் அவருடைய அம்மாவை அழைத்து உட்காரவைத்து, மன்னிப்புக் கேட்டு, அந்த செட்டை முழுசாகப் போட்டார். பார்த்தேன். இதற்கா இவ்வளவு பயந்தார்கள் என்றுதான் தோன்றியது.

அதே நாட்டில் கட்டண டிவியான எச்பிஓ 1975 டிசம்பர் 31-ல் ராபர்ட் கிளைனின் நிகழ்ச்சியை முழுசாகக் காட்டியது. ஜார்ஜ் கார்லின் 1977-லிருந்து 2008 வரை அங்கே மட்டும் 14 நிகழ்ச்சி செய்தார். விளம்பர இடைவேளை கிடையாது, பீப் கிடையாது. அதே டிவிப் பெட்டிதான், பணம் வரும் வழி மட்டும் வேறு. டிவியில் எடுபடுமா என்று கேட்காதீர்கள், டிவிக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். விளம்பரக்காரன் கொடுத்தால் ஒருவரும் முகம் சுளிக்கக் கூடாது. பார்ப்பவனே கொடுத்தால் அவன் சிரித்தால் போதும்.

ஃபார்வர்டு பாய்:

டிவி காமெடி எல்லாம் வாட்ஸப் ஜோக். இதுக்கு இவ்ளோ பெரிய கட்டுரைகளா?

கரிசல் மைனர்:

தம்பி சொன்னதிலும் ஒரு விஷயம் இருக்கிறது, சிரிக்காதீர்கள். வாராவாரம் எபிசோடு போட்டால் சரக்கு எங்கிருந்து வரும்? ஒரு நல்ல செட்டைத் தேற்ற மாசக் கணக்கில் மேடை ஏற வேண்டும். அடுத்த வாரத்துக்குப் புதுசு கேட்டால் கேட்ட ஜோக்கையே மாமியாரை மாற்றி மச்சினனாக்கிச் சொல்ல வேண்டியதுதான். லண்டன் பனி சொன்ன 'தி கொமீடியன்ஸ்' கதியும் அதுதானே. மதுரை முத்துவைப் பாருங்கள். கெட்டப் இல்லாமல், தனி ஆளாக, ஜோக் மேல் ஜோக்காக அடுக்கியே நின்றவர். அந்த வேகத்துக்குக் கடிஜோக், பழைய ஜோக் எல்லாம் கலந்துதான் ஓட முடியும். அவரைக் குறை சொல்லவில்லை. அந்த அடுப்புக்கு அவ்வளவு விறகு வேண்டியிருக்கிறது.

சோடாபுட்டி:

ஆனால் மைனர், வடிவேலு காமெடியை எத்தனையாவது முறை பார்க்கிறோம்? அடுத்த வசனத்தை நாமே சொல்லிவிட்டுச் சிரிக்கிறோம். தெரிந்த ஜோக் செத்த ஜோக் என்றால் அது எப்படி?

கரிசல் மைனர்:

அங்கே நாம் சிரிப்பது ஜோக்குக்கு அல்ல, ஆளுக்கு. அடி வாங்கப் போகிறான் என்று தெரிந்தும் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறானே, அந்த நடைக்கு. தெரிந்தால்தான் இன்னும் சிரிப்பு. ஜோக்கை மட்டும் நம்பி வந்தவரை ஒரு முறைக்கு மேல் பார்க்க முடியாது. ஆளைக் கொண்டு வந்தவரைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். எடிட் அண்ணன் சொன்ன தூத்துக்குடி அப்பாவையும் நான் பத்து முறை பார்ப்பேன்.

வத்தக்குழம்பு:

ஆளைக் கொண்டு வந்தவர் என்றதும் அறந்தாங்கி நிஷா நினைவுக்கு வருகிறார். 'கலக்கப் போவது யாரு'வில் தன் நிறத்தையும் உடம்பையும் ஊர்க்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதை, அவர்கள் சொல்லும் முன்பே தானே சொல்லிச் சிரிக்க வைத்தார். சில நாள் பார்க்கச் சங்கடமாகவும் இருக்கும், தன்னை இவ்வளவு தாழ்த்திக்கொள்ள வேண்டுமா என்று. ஆனால் சேலை கட்டிய ஆண்கள் நடுவே ஒரு நிஜப் பெண் வந்து நின்றதே பெரிய ஆறுதல். மனைவியைக் கிண்டல் பண்ணும் ஜோக்குக்கு நடுவர் மேஜையைத் தட்டும்போது, வீட்டில் தட்டு கழுவுகிறவளுக்கு எப்படி இருக்கும் என்று எந்த டைரக்டரும் யோசித்ததாகத் தெரியவில்லை. டிவிக்கு முன்னால் அதிக நேரம் இருப்பது நாங்கள்தானே?

லண்டன் பனி:

அக்கா, அடியோடு உண்மை.

ஓபன் மைக் ஓணான்:

வெகு நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவன். இந்த இழைக்காகக் கணக்கு திறந்தேன். சென்னையில் ஓபன் மைக்குகளில் பேசுகிறேன். கஃபே மாடி, முப்பது நாற்காலி, அதில் பாதி மற்ற காமெடியன்களே உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் சிரிக்க மாட்டார்கள், தலையை ஆட்டி 'நல்லா இருக்கு' என்பார்கள்.

எங்களுக்கு டிவி என்பதே கொஞ்சம் கெட்ட வார்த்தை. அலெக்சாண்டர் பாபு 2019-ல் 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' செய்தது அமேசான் பிரைமில், பாட்டும் பேச்சுமாக முழு நிகழ்ச்சி, ஒருவரும் நடுவில் வெட்டவில்லை. 2020-ல் 'காமிக்ஸ்தான் செம்ம காமெடி பா'வும் பிரைமில்தான். அதில் போட்டியும் இருந்தது, நடுவர்களும் இருந்தார்கள். ஆனால் நடுவர்களே மேடை ஏறிப் பழகிய காமெடியன்கள். பிரவீன் குமாருக்கும் கார்த்திக் குமாருக்கும் மௌனம் எதற்கு என்று சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் ஆட்கள் கனவு காண்பது இந்த மாதிரி இடங்களைத்தான், இல்லையென்றால் யூட்யூப்.

ஆனால் எங்கள் அம்மா நான் என்ன வேலை செய்கிறேன் என்று இதுவரை பார்த்ததில்லை. ஊரில் பிரைம் எல்லாம் கிடையாது, டிவிதான். போன வாரம் ஒரு சேனலிலிருந்து ஆடிஷனுக்குக் கூப்பிட்டார்கள். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். கடைசியில், 'கெட்டப் ஏதாவது வச்சுக்கிட்டா நல்லா இருக்கும், சும்மா நின்னு பேசினா ஃபேமிலி ஆடியன்ஸுக்குப் போர் அடிக்கும்' என்றார். என் செட் ஹவுஸ் ஓனர் பற்றியது. பேச்சிலர் என்றதும் வீடு கிடைக்காத கதை, என்ன ஆளுங்க என்று சுற்றி வளைத்துக் கேட்கிற கதை. இதை வைத்துக்கொண்டு போகலாமா, வேண்டாமா?

நியூ ஜெர்சி நாகு:

போகாதீர்கள். ஹவுஸ் ஓனர் சாதி கேட்கிற இடம் எடிட்டில் தங்காது. அதை எடுத்துவிட்டால் உங்கள் கதை வெறும் வாடகைக் கதை.

வத்தக்குழம்பு:

போப்பா. அம்மா பார்க்கட்டும்.

சோடாபுட்டி:

ஓணான், போனால் என் பாவப்பட்ட சிரிப்பை நடுவரிடமிருந்து மீட்டுக்கொண்டு வாருங்கள்.

எடிட் மேசை:

தம்பி, போ. ஆனால் எடிட்டரை நினைத்துச் செட்டை எழுது.

ஆடிஷனில் எட்டு நிமிடம் வைத்துக்கொண்டு நிற்காதே. நான்கு நிமிடம்தான் இருக்கிறது என்று சொல், நிஜமாகவே நான்கு நிமிடத்தில் முடி. வெட்ட வேண்டிய தேவையே இல்லாவிட்டால் முகம் ஒட்ட வேண்டிய தேவையும் குறையும். அப்புறம், ஒவ்வொரு ஜோக்கும் முந்தின ஜோக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முதல் நிமிடத்தில் ஹவுஸ் ஓனர் கேட்ட கேள்வி மூன்றாவது நிமிடத்தில் திரும்ப வரட்டும். நடுவில் உருவினால் கடைசி புரியாது என்றால் எடிட்டரே மேலதிகாரியிடம் சண்டை போடுவார். தனித்தனி ஜோக்காக அடுக்கினால் உருவுவது சுலபம், உருவிவிடுவார்கள்.

சாதி கேட்கிற இடத்தில் வார்த்தையை நீ சொல்லாதே. ஹவுஸ் ஓனர் சுற்றி வளைப்பதை மட்டும் செய். 'சொந்த ஊர் எது, ஊர்ல எந்தத் தெரு, குலசாமி எது' என்று கேள்வி நெருங்கி நெருங்கி வரட்டும். பீப் போட அங்கே ஒன்றும் இருக்காது, ஆனால் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். நாகு சார் பயப்படுவது வார்த்தைக்கு. வார்த்தை இல்லாமல் வந்ததைப் பிடிக்க சேனலில் யாருக்கும் நேரம் இல்லை.

மௌனம் வேண்டும் என்றால் கையில் ஏதாவது வேலை வைத்துக்கொள். சும்மா நின்றால் 'ஒண்ணுமே இல்ல' என்பார்கள். பூட்டைத் திறப்பது, சாவியைத் தேடுவது, ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தால் கொஞ்சம் விட்டுவைப்பார்கள்.

ஓபன் மைக் ஓணான்:

அண்ணே, கெட்டப்?

எடிட் மேசை:

ஒரு லுங்கி, தோளில் துண்டு, கையில் சாவிக்கொத்து. ஹவுஸ் ஓனர் கெட்டப் என்று சொல். மேடையில் ஏறியதும் துண்டை மைக் ஸ்டாண்டில் போட்டுவிட்டு நீ நீயாகப் பேசு. துண்டு ஃப்ரேமில் இருக்கும் வரை கெட்டப் இருக்கிறது என்று எல்லாரும் திருப்தியாக இருப்பார்கள்.

முக்கியமானது ஒன்று. உன் முறை எப்போது என்று முதலிலேயே கேட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொல். புதுப் பையன் என்று கடைசியில் தள்ளுவார்கள். சாயங்காலம் வண்டி பிடிக்க வேண்டும், ஊருக்குப் போக வேண்டும் என்று ஏதாவது சொல்லு. மூன்று மணிக்கு மேல் அந்த ஆடியன்ஸ் யாருக்கும் சிரிக்காது.

ஓபன் மைக் ஓணான்:

சாவிக்கொத்து ஹவுஸ் ஓனரிடமே கேட்டுப் பார்க்கிறேன். எதற்கு என்று கேட்டால்தான் சிக்கல்.